ஒன்பது வருட ஜீவனாம்சப் பாக்கி: இப்போது கேட்டால் கிடைக்குமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். 2015 நவம்பரில் உங்கள் ஊர் குடும்ப நீதிமன்றம் மகளுக்கு அவள் தகப்பன் மாதம் 4,000 ரூபாய் தரும்படி உத்தரவு போட்டது. ஏழு மாதம் பணம் வந்தது. 2016 ஜூனிலிருந்து ஒரு பைசாகூட இல்லை, ஆளும் ஊரில் இல்லை. மகளுக்கு இப்போது 17 வயது. அவர் கோவையில் லேத் பட்டறை வைத்து வசதியாகவே இருக்கிறார் என்று உறவுக்காரர் ஒருவர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவந்திருக்கிறது. "இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது கேட்டால் கோர்ட் காது கொடுக்குமா?" என்கிறீர்கள்.

கொடுக்கும். பாக்கி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மொத்தத்தையும் ஒரே மனுவில், ஒரே வேகத்தில் வாங்க முடியாது. கடைசி ஒரு வருடத்துப் பணத்துக்கு ஒரு வழி, அதற்கு முந்தையதற்கு வேறு வழி. இதைப் பிரித்துப் பார்க்காமல் "பழைய பாக்கியெல்லாம் காலாவதி ஆகிவிட்டது" என்று யாராவது சொன்னால் அதை நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். குமாஸ்தா சொன்னார், பக்கத்து வீட்டு வக்கீல் சொன்னார் என்று அப்படியே விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர்.

முதல் வேலை, அந்த உத்தரவின் முதல் பக்கத்தில் வழக்கு எண் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். 'எம்.சி.' (மெயின்டெனன்ஸ் கேஸ், அதாவது ஜீவனாம்ச வழக்கு) என்று இருந்தால் அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவில் வந்த உத்தரவு. விவாகரத்து வழக்கில், இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வந்தது என்றால் விஷயம் எளிது. அந்தச் சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி அது சிவில் தீர்ப்பாணை (டிக்ரி) போலவே நிறைவேற்றப்படும். காலவரையறைச் சட்டம் தீர்ப்பாணையை நிறைவேற்ற 12 வருடம் தருகிறது, மாதாமாதம் தர வேண்டிய தொகைக்கு அந்த 12 வருடத்தை ஒவ்வொரு தவணையும் தவறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். உங்களுடைய எல்லாப் பாக்கியும் அதற்குள் வந்துவிடும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது எம்.சி. உத்தரவு போலத்தான் தெரிகிறது. அதனால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. 125-ஆம் பிரிவு இப்போது 144. உத்தரவை மாற்றுவதற்கான 127 இப்போது 146, நிறைவேற்றுவதற்கான 128 இப்போது 147. உள்ளடக்கம் பெரும்பாலும் அதேதான். உங்கள் பழைய உத்தரவும் செல்லும், புதிதாக ஒன்று வாங்கத் தேவையில்லை.

இப்போது அந்த ஒரு வருட விஷயம். பணம் தராதவர் மீது நீதிமன்றம் வாரண்ட் போடலாம், அபராதம் வசூலிப்பதுபோல வசூலிக்கலாம், அதற்கும் மசியாவிட்டால் சிறைக்கு அனுப்பலாம் என்கிறது சட்டம். அதே இடத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது: தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தொகைக்கு வாரண்ட் கிடையாது. 2025 மே மாதத்தோடு கணக்கு முடிப்பதாக வைத்துக்கொண்டால் உங்கள் பாக்கி 108 மாதம், 4,32,000 ரூபாய். இதில் கடைசி 12 மாதத்து 48,000 ரூபாய்க்குத்தான் வாரண்ட் வழி திறந்திருக்கிறது. மனுவை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் பின்பக்கத்திலிருந்து 4,000 ரூபாய் இந்த வழியிலிருந்து நழுவும். ஆகவே வக்கீல் எல்லாவற்றையும் தோண்டித் துருவி முடிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த 12 மாதத்துக்கான மனுவை முதலில் தாக்கல் செய்துவிடுங்கள்.

தாக்கல் செய்த பிறகு வரும் மாதங்களைப் பற்றி கவலை வேண்டாம். மனு நிலுவையில் இருக்கும்போது சேரும் பாக்கியை அதே மனுவில் கேட்கலாம், வருடாவருடம் புது மனு போட்டுக்கொண்டே இருக்கத் தேவையில்லை, ஜீவனாம்சம் என்பது தொடர்ந்துகொண்டே இருக்கும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லிவிட்டது. 2005, 4 எஸ்.சி.சி. 468 என்று குறித்துக்கொள்ளுங்கள், எஸ்.சி.சி. என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தொகுப்பு.

மீதி 96 மாதம், 3,84,000 ரூபாய்? இங்கேதான் இன்னொரு தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்கும். 2013, 10 எஸ்.சி.சி. 618. தமிழ்நாட்டிலிருந்து டெல்லி வரை போன வழக்கு, தாயும் மகனும் 1993-லிருந்து வர வேண்டிய பாக்கியைக் கேட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வருடத்துக்கு மட்டும் என்று வெட்டிவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த ஒரு வருட நிபந்தனை, பாக்கியைப் பெறும் உரிமையையே அழித்துவிடாது. தாமதமாக வந்தவருக்கு வாரண்ட், சிறை என்ற அந்தக் குறிப்பிட்ட வசூல் முறை கிடைக்காது, அவ்வளவுதான். வழக்கமான சிவில் வழி திறந்தே இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னது.

சிவில் வழி என்றால் எது என்பதில்தான் எதிர்த்தரப்பு வக்கீல் மல்லுக்கட்டுவார். நீங்கள் சொல்ல வேண்டியது: எங்களிடம் ஏற்கெனவே நீதிமன்ற உத்தரவு இருக்கிறது, அதைப் பணத் தீர்ப்பாணை போல நிறைவேற்றித் தாருங்கள். 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, 2021, 2 எஸ்.சி.சி. 324, இதற்கு ஆதாரம். ஜீவனாம்ச உத்தரவு எந்தச் சட்டத்தில் வந்தாலும் சிவில் நடைமுறைச் சட்டப்படி ஜப்தி, சிவில் சிறை உள்பட பணத் தீர்ப்பாணைபோல நிறைவேற்றலாம் என்று அதில் இருக்கிறது. அவர் தரப்பு சொல்லப்போவது: இது வெறும் ஜீவனாம்ச பாக்கிக்கான புது வழக்கு, இந்துக்களுக்குக் காலவரையறைச் சட்டம் 105-ஆம் இனத்தில் மூன்று வருடம்தான், அதற்கு முந்தையது போய்விட்டது. இந்த வாதம் லேசானதல்ல. நீதிபதி அந்தப் பக்கம் சாயவும் கூடும்.

அதற்குப் பதில் உங்கள் மகளிடமே இருக்கிறது. உத்தரவில் 4,000 ரூபாய் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். '2-ஆம் மனுதாரரான மைனர் மகளுக்கு' என்று தனியாக எழுதியிருந்தால் அது அவளுடைய பணம், நீங்கள் அவளுக்காக நின்ற பாதுகாவலர் மட்டுமே. மைனருக்கு எதிராகக் காலவரையறை ஓடாது, காலவரையறைச் சட்டம் 6-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. 18 வயது முடிந்தபின் அவளுக்குக் கிடைப்பது அதிகபட்சம் மூன்று வருடம், 8-ஆம் பிரிவுப்படி. அதாவது 21 வயதுக்குள் அவளே தன் பெயரில் பழைய பாக்கியைக் கேட்டு நிற்கலாம். மகள் பெயரில் தனித் தொகை இல்லாமல் உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே தொகையாக இருந்தால் இந்த வாதம் பலவீனமாகும். ஒரு வரியின் வாசகத்தில் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் தொங்குகிறது என்பதால்தான் உத்தரவை முதலில் எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

உத்தரவு நகல் தொலைந்துபோயிருந்தால் பதற வேண்டாம். ஜீவனாம்ச உத்தரவின் நகலை யாருக்குச் சாதகமாக வந்ததோ அவருக்குக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்று 147-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வழக்கு எண் மறந்துபோனாலும் இ-கோர்ட்ஸ் செயலியில் தரப்பினர் பெயர் போட்டுத் தேடலாம். பழைய வழக்கு அதில் ஏறாமல் இருந்தால் நகல் பிரிவில் வருடத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

இனி கோவை. உங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். அல்லது 147-ஆம் பிரிவுப்படி அவர் இருக்கும் இடத்து நீதிமன்றத்தில் உத்தரவைக் காட்டி, ஆள் இவர்தான், பணம் வரவில்லை என்று நிரூபித்து அங்கேயே நிறைவேற்றக் கேட்கலாம். என்னைக் கேட்டால், ஆள் ஒரே இடத்தில் கடை வைத்து உட்கார்ந்திருக்கிறார் என்பது உறுதியானால் இரண்டாவதுதான் நல்லது. உங்கள் ஊர் நீதிமன்றத்திலிருந்து போகும் வாரண்ட் கோவை காவல் நிலையத்தில் ஏதோ ஒரு கட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், 'நபர் இல்லை' என்று திரும்பி வரும். கோவை நீதிமன்றமே போட்ட வாரண்ட் என்றால் அந்த நிலையத்துக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். பயணச் செலவு உங்களுக்கு, அது உண்மை. அதையும் நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆனால் வாரண்ட்டைவிட முக்கியமானது முகவரியும் வருமானமும். அநேக ஜீவனாம்ச வழக்குகள் சட்டத்தில் தோற்பதில்லை, 'எதிர்மனுதாரருக்கு வருமானம் இல்லை' என்ற ஒரு வரியில் நின்றுபோகின்றன. சம்பளக்காரர் என்றால் கொஞ்சம் சுலபம். ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்யும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே விலக்கு, மீதி இரண்டு பங்கைப் பிடிக்கலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு சொல்கிறது. மற்ற கடன்களுக்கு இந்த அளவு கிடையாது. சொந்தத் தொழில்காரர் விஷயத்தில் நாம்தான் தேட வேண்டும்.

லேத் பட்டறைக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த எண்ணைப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. உறவினரிடம் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு, தொழில் முகவரி எது, எப்போது பதிந்தது, கணக்கு தாக்கல் செய்கிறார்களா என்பது வந்துவிடும். பதிவு இரண்டாம் மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ இருந்தால் அதுவும் ஒரு தகவல்தான், அதையும் மனுவில் சொல்லுங்கள். அவர் பெயரில் நிலமோ வீடோ இருப்பதாகச் சந்தேகம் என்றால் சர்வே எண்ணைத் தெரிந்துகொண்டு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அப்பா வழிப் பூர்வீகச் சொத்து ஊரில் இருந்தால் அதையும் விடாதீர்கள், பங்கு பிரியாமல் கிடக்கிற சொத்தில் அவர் பங்கும் ஜப்திக்கு உட்பட்டதே.

பட்டறையில் இருக்கும் லேத் மெஷினை ஜப்தி செய்யலாமே என்று தோன்றும். அங்கே ஒரு சிக்கல். கைவினைஞரின் தொழில் கருவிகளுக்கு 60-ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது, அவர் அதைச் சொல்லித் தப்பப் பார்ப்பார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மெஷினைத் தொடமாட்டேன். ஜாப் ஒர்க் கொடுக்கும் கம்பெனிகளைப் பார்ப்பேன். கோவையில் சின்னப் பட்டறைகள் பலவும் பெரிய பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துதான் ஓடுகின்றன. அந்தக் கம்பெனி அவருக்குத் தர வேண்டிய பில் தொகையை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லி உத்தரவு கேட்கலாம், சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 21, விதி 46ஏ. வாடிக்கையாளருக்குக் கோர்ட் நோட்டீஸ் போனால் அவருக்கு வரும் சங்கடம் எந்த வாரண்ட்டாலும் வராது. வங்கிக் கணக்கையும் இதேபோல நிறுத்தலாம்.

வருமானம் எவ்வளவு என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கவும் வழி உண்டு. நான் மேலே சொன்ன 2020 தீர்ப்பில் சொத்து, வருமானம், கடன் விவரங்களை இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று படிவத்தோடு கொடுத்திருக்கிறார்கள். தொகையை உயர்த்தக் கேட்டுப் போடும் மனுவில் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) இதைக் கட்டாயம் கேளுங்கள், உங்களுடையதையும் நேர்மையாகப் போடுங்கள். சிவில் நிறைவேற்று மனுவில் கட்டளை 21, விதி 41 இருக்கிறது. சொத்து விவரம் தரச் சொல்லி உத்தரவிட்டும் தராவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை.

12 மாதப் பாக்கிக்கான வாரண்ட் மனுவில், அசையும் பொருளை ஜப்தி செய்வதோடு நிற்காமல், மாவட்ட ஆட்சியர் வழியாக நிலவரிப் பாக்கிபோல அசையாச் சொத்திலிருந்தும் வசூலிக்கக் கேட்கலாம். அப்படியும் தராவிட்டால் ஒரு மாதம் வரை சிறை. அந்த ஒரு மாதத்தை ஒவ்வொரு மாத பாக்கிக்கும் தனித்தனியாக எண்ணலாமா என்பதில் நீதிமன்றங்களுக்குள் ஒரே கருத்து இல்லை. உள்ளே இருந்துவிட்டு வந்தால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு, அது தவறு. சிறை என்பது பணத்தைக் கட்டவைக்கும் வழி, கட்டியதற்குச் சமம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-இலேயே சொல்லியிருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலானவர்கள் போலீஸ் வீட்டு வாசலில் நின்றதும் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு வாய்தா கேட்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 'பகுதித் தொகை பெற்றுக்கொண்டேன்' என்றுதான் மெமோவில் இருக்க வேண்டும்.

சமரசம் பேச வருவார்கள், அது நிச்சயம். "ஒன்றரை லட்சம் மொத்தமாக வாங்கிக்கோ, வழக்கை விட்டுடு" என்பார் மாமியார் வீட்டுப் பெரியவர் ஒருவர். பேசுங்கள், தப்பில்லை, ஒன்பது வருடம் வராத பணத்தில் பாதி கையில் வந்தாலும் மகள் படிப்புக்கு ஆகும். ஆனால் நீதிமன்றத்தில் வைத்து, வங்கி வழியாக வாங்குங்கள். வெளியே வெள்ளைப் பேப்பரில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துப் போடாதீர்கள். போட்டாலும் மகளின் உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது என்று வாதாடலாம்தான், ஆனால் அந்தப் பேப்பரை விளக்கியே இரண்டு வருடம் போய்விடும். இடையில் கைரொக்கமாகக் கொடுத்தேன் என்றும் சொல்வார். அதற்கு 2016 முதலான உங்கள் பாஸ்புக் பதிவுகளே பதில், இப்போதே வங்கியில் கேட்டு வாங்கி வையுங்கள். உங்களுக்கு வேலை இருப்பதையும் இழுப்பார்கள். தாய் சம்பாதிப்பது தொகையை நிர்ணயிக்கும்போது பார்க்கப்படும், தகப்பன் கடமையைத் தீர்த்துவிடாது. ஏற்கெனவே போட்ட உத்தரவின் பாக்கியை அது தொடவே தொடாது.

மகளுக்கு 17 என்பதால் இன்னொரு அவசரம். 2015-இல் போட்ட 4,000 ரூபாய் இன்றைக்கு டியூஷன் பீஸுக்கே காணாது. 146-ஆம் பிரிவில் தொகையை உயர்த்தக் கேளுங்கள், அவளுக்கு 18 ஆவதற்கு முன்பே. 18 முடிந்ததும் 144-ஆம் பிரிவு நின்றுவிடும், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கு மட்டும் தொடரும். மகள் என்பதால் உங்களுக்கு அடுத்த வழி உண்டு. நீங்கள் இந்து என்றால் 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 20-ஆம் பிரிவில், திருமணமாகாத மகள் தன் வருமானத்தில் வாழ முடியாதவரை தகப்பனிடம் கேட்கலாம். 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறது. கல்லூரிச் செலவுக்கு அதுதான் வழி. மகனாக இருந்தால் இந்த வசதி இல்லை.

உத்தரவே வாங்காமல் விட்டவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்கு இரண்டு வரி. பிள்ளைக்கு 18 ஆகும்வரை எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம், தாமதம் தடையல்ல. ஆனால் தொகை மனு போட்ட நாளிலிருந்துதான் ஓடும், போன வருடங்கள் 144-இல் வராது. பெற்றோருக்குள் திருமணம் நடந்ததா இல்லையா என்பது பிள்ளையின் உரிமையைப் பாதிக்காது, எந்த மதம் என்பதும் பாதிக்காது.

ஆள் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் நீதிமன்றம் பிறப்பித்த சம்மன் அல்லது கைது வாரண்ட்டைக் காட்டி, பாஸ்போர்ட் சட்டம் 10(3)(எச்) பிரிவில் பாஸ்போர்ட்டை முடக்கக் கேட்டு பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு மனு கொடுக்கலாம். முடக்குவது அவர்கள் முடிவு. ஆனாலும் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நேரம் நெருங்கினால் போன் எடுக்காதவர்களும் எடுப்பார்கள்.

வக்கீல் பீஸுக்கு என்ன செய்வது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 12-ஆம் பிரிவு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது உத்தரவு நகல், மகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், 2016-லிருந்தான பாஸ்புக் பதிவுகள், பட்டறைப் பலகையின் போட்டோ, மாதவாரியாக எழுதிய பாக்கிக் கணக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நியமிக்கப்பட்ட வக்கீல் ஆர்வமில்லாமல் இருந்தால் மாற்றித் தரக் கேட்டு அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். மனுவை எந்த ஊரில் போடுவது என்று முடிவானதும் உத்தரவின் கடைசிப் பத்தியை அப்படியே தட்டச்சு செய்து அனுப்புங்கள், தொகை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.